சாவி யார் கையில்? ஊராட்சிகளின் மேகக் கணிமையும் பட்டியல் சாதித் தலைவர்களின் அதிகாரமும்

ஊராட்சி மன்றத்தின் அதிகாரம் எந்தப் பொருளில் குடியிருக்கிறது என்று கேட்டால், அண்மைக்காலம் வரை நான்கு பொருட்களைச் சுட்டிக்காட்ட முடிந்தது: தலைவரின் நாற்காலி, தீர்மானப் புத்தகம், காசோலைப் புத்தகம், அலுவலகப் பூட்டின் சாவி. பட்டியல் சாதித் தலைவர்களை முடக்க நினைத்தவர்கள் இந்த நான்கையும்தான் பறித்தார்கள். 1997-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தனித்தொகுதித் தலைவர் பதவி இயங்க விடாமல் தடுக்கப்பட்டதும் அந்தப் பறிப்பின் கொடிய வடிவங்கள். நாற்காலி தர மறுப்பதும், கொடியேற்ற விடாததும், காசோலையில் துணைத்தலைவர் கையெழுத்திட மறுப்பதும் அதன் அன்றாட வடிவங்கள்.

இன்று தீர்மானமும் காசோலையும் கணக்கும் படிப்படியாகக் கணினித் திரைக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. ஊராட்சியின் திட்டமும் வரவுசெலவும் அந்த ஊரிலுள்ள எந்தப் பெட்டியிலும் இல்லை. தொலைவிலுள்ள தரவு மையங்களில் இருக்கின்றன. இதைச் செயல்படுத்தும் முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். இது தொழில்நுட்பர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. காசோலைப் புத்தகம் போன இடத்துக்கு, அதைச் சுற்றிய சாதி அதிகாரமும் போகிறது. அங்கே எந்தச் சட்டம் நமக்குத் துணை, எந்த இடத்தில் சட்டம் மௌனம் காக்கிறது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துக் கூறுகிறோம்.

மேகக் கணிமை என்றால் என்ன?

மேகக் கணிமைக்கு உலகெங்கும் எடுத்தாளப்படும் வரையறையை அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. அது ஐந்து இயல்புகளைக் கூறுகிறது: வேண்டும்போது தானாகவே பெற்றுக்கொள்ளும் வசதி, வலையமைப்பு வழியாக எங்கிருந்தும் அணுகுதல், பலருக்கும் பொதுவான வளத் தொகுப்பு, தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் தன்மை, பயன்பாட்டை அளந்து கணக்கிடுதல்.

நம் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒவ்வொரு வீடும் தனித்தனியே கிணறு வெட்டத் தேவையில்லை. ஒரே தொட்டி, பல குழாய்கள். ஆனால், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதை முடிவுசெய்யும் வால்வு ஒருவர் கையில் இருக்கும். தொட்டி பொதுவானது என்பதால் தண்ணீர் சமமாக வந்துவிடாது என்பது சேரிகளில் வாழும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேகக் கணிமையில் அந்த வால்வுக்கு 'அணுகல் உரிமை' என்று பெயர்.

ஊராட்சிகளுக்குப் பகிர்வுச் சேவை ஏன்?

பல அமைப்புகள் தமக்குப் பொதுவான வேலைகளை, அதாவது கணக்கு, ஊதியப் பட்டியல், வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி முதலியவற்றை, ஒரே ஏற்பாட்டின் வழியே செய்துகொள்வது பகிர்வுச் சேவை. இந்தியாவில் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகள் உள்ளன; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சேவையகம் வாங்கி, மென்பொருள் எழுதி, வல்லுநரை அமர்த்துவது நடவாத செயல். எனவே பகிர்வு தேவைதான்.

அதில் நமக்கொரு நன்மையும் உண்டு. ஏடுகள் ஊராட்சி அலுவலகத்தில் மட்டுமே இருந்த காலத்தில், புதிதாக வென்ற பட்டியல் சாதித் தலைவரிடம் அவற்றை ஒப்படைக்காமல் மறைத்து வைக்க முடிந்தது. எரிந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று கதை சொல்லவும் முடிந்தது. தரவு மையத்திலுள்ள பதிவை ஊர்ப் பெரியவர் எவரும் தம் வீட்டுப் பரணில் ஒளித்துவைக்க முடியாது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இந்தியாவில் வந்த பாதை

73-ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 243-டி பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடஒதுக்கீட்டைத் தந்தது. 243-ஜி பிரிவும் பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களும் ஊராட்சிகளைத் தன்னாட்சி நிறுவனங்களாக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் ஒப்படைத்தன.

மத்திய அரசு 'மேகராஜ்' என்ற பெயரில் அரசுக்கான மேகக் கணிமைக் கொள்கையை 2013-இல் வகுத்தது. தேசியத் தகவலியல் மையத்தின் தேசிய மேகம் 2014-இல் தொடங்கப்பட்டது. ஊராட்சிகளுக்கென முன்பு தனித்தனியாக இருந்த திட்டமிடல், கணக்கு, பணி முன்னேற்ற மென்பொருள்களை ஒன்றிணைத்து 2020 ஏப்ரல் 24 அன்று 'இ-கிராம் ஸ்வராஜ்' தளம் தொடங்கப்பட்டது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தைச் செலவிடும் ஊராட்சி, இத்தளத்தில் திட்டத்தைப் பதிவேற்றி, இதையும் பொது நிதி மேலாண்மை அமைப்பையும் இணைக்கும் வழியிலேயே பணம் செலுத்த வேண்டும் என்றானது.

இங்கே ஒரு முரண் உண்டு. அரசமைப்பு அதிகாரத்தைக் கீழே பரவலாக்கச் சொன்னது. பகிர்வுத் தளமோ அதை இயக்கும் விதிகளை மேலே குவித்தது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊராட்சிகளுக்கான அந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் எனக் கட்டுண்ட நிதி. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் வரலாம் என்பதைத் திரையிலுள்ள பட்டியலே தீர்மானிக்கிறது. சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டும் என்று கிராம சபை தீர்மானித்தாலும், அந்தப் பட்டியலில் அதற்குரிய தலைப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

காசோலையிலிருந்து டோக்கனுக்கு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 188-ஆம் பிரிவுப்படி, கிராம ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி தனித்தொகுதியாகலாம். துணைத்தலைவரோ வார்டு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். எனவே ஆதிக்க சாதியினர் தமக்கு வேண்டியவரைத் துணைத்தலைவராக்கி, அவரது பேனாவைக் கொண்டே தலைவரை முடக்க முடிந்தது. சம்பளம் வராத தொட்டி இயக்குநரும் எரியாத தெருவிளக்கும் தலைவரின் 'திறமையின்மை'க்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

இணையவழிப் பணப் பட்டுவாடாவிலும் இரட்டை ஒப்புதல் தொடர்கிறது: ஒருவர் பட்டுவாடாவைப் பதிவுசெய்கிறார், மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார். பேனாவுக்குப் பதில் டிஜிட்டல் கையொப்பம். அது யூஎஸ்பி டோக்கன் என்னும் சிறு கருவியில் இருக்கும். அதைக் கணினியில் செருகிக் கடவு எண்ணைத் தட்டினால் கையொப்பம் ஆகிவிடும். யாருடைய விரல் தட்டியது என்பது கணினிக்குத் தெரியாது.

பழைய கொடுமைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. காசோலைக் காலத்தில் தலைவரின் கையெழுத்தைப் பெற அவரை மிரட்டவாவது வேண்டியிருந்தது. டோக்கன் காலத்தில் அவர் அந்த இடத்தில் இருக்கவே தேவையில்லை. 'உங்களுக்குக் கணினி தெரியாது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்ற அன்பான சொல்லோடு டோக்கனும் கடவு எண்ணும் செயலரிடமோ, ஒப்பந்தக்காரரிடமோ, ஒன்றிய அலுவலகக் கணினி இயக்குபவரிடமோ தங்கிவிட முடியும். குறிப்பாக, முதன்முறை பொறுப்பேற்கும் பட்டியல் சாதிப் பெண் தலைவர்களிடம் இச்சொல் எளிதில் செல்லுபடியாகும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளைவு என்ன? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 42-ஆம் பிரிவு, கையொப்பச் சான்றிதழின் உரிமையாளர் தம் தனிச்சாவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. அது பிறர் வசமாகிவிட்டால் சான்றிதழ் அளித்த அமைப்புக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. அதாவது, அதிகாரம் மற்றவர் கையில், பழி தலைவர் தலையில். தணிக்கைத் தடையும் வசூல் நடவடிக்கையும் அவர்மீதே வரும். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்கீழ்ப் பதவி நீக்கமும் அவருக்கே.

ஆனால், சட்டம் ஒருபக்கம் மட்டும் வெட்டுவதில்லை. நாம் கையாள வேண்டிய மூன்று பிரிவுகள் உண்டு.

ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு. பிறரது மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் ஆகியவற்றை மோசடியாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இரண்டு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 3(1)(எம்) உட்பிரிவு. ஊராட்சி அல்லது நகராட்சியின் உறுப்பினராகவோ தலைவராகவோ உள்ள பட்டியல் சாதியினர், பழங்குடியினரைக் கட்டாயப்படுத்தியோ, மிரட்டியோ, தடுத்தோ, அவர்தம் வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் ஆக்குவது வன்கொடுமைக் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டுகள் வரை. கணக்கை முடக்குவதும், டோக்கனைப் பறித்து வைத்திருப்பதும், கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் தர மறுப்பதும் இந்தத் 'தடுத்தல்' என்ற சொல்லுக்குள் வரும் என்பது நம் வாதம். அந்தச் சொல் நாற்காலிக்கு மட்டும் உரியதன்று.

மூன்று, அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. இச்சட்டத்தின்படி செய்ய வேண்டிய கடமைகளை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்க அது வழிசெய்கிறது. புகாரைப் பதியாமல் தட்டிக்கழிக்கும் காவல் அதிகாரியும் இதற்குள் வருவார்.

பதிவுத்தடம் என்னும் சாட்சி

நாற்காலி மறுக்கப்பட்டதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். சாட்சிகள் ஊருக்கு அஞ்சுவார்கள். கணினி அஞ்சாது. எந்தக் கணக்கு, எந்த நாளில், எந்த நொடியில், எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தது என்பதைச் சேவையகம் எழுதி வைக்கிறது. தலைவர் மருத்துவமனையில் இருந்த நாளில் ஒன்றிய அலுவலகக் கணினியிலிருந்து அவரது கையொப்பம் இடப்பட்டிருந்தால், அந்தப் பதிவுத்தடமே சாட்சியாகும்.

இதில் காலம் முக்கியம். இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகளின்படி, அரசு அமைப்புகளும் தரவு மையங்களும் தம் அமைப்புகளின் பதிவுத்தடங்களை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். அந்தக் காலம் கடந்தால் சாட்சி அழிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே முறைகேடு தெரிந்தவுடன் பதிவுத்தடத்தைப் பாதுகாக்கக் கோரும் கடிதத்தை மாவட்ட ஆட்சியருக்கும் தளத்தைப் பராமரிக்கும் அமைப்புக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்பிவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க உரிய சான்றிதழ் தேவை. வெறும் திரைப்பிடிப்பை மட்டும் நம்பி வழக்கைக் கட்டக் கூடாது.

படிவத்தில் ஒரு கட்டம்

பகிர்வுத் தளத்தில் மேலே செய்யும் சிறு மாற்றம் நாடெங்கும் ஒரே நாளில் இறங்கும். அதற்கு மறக்கக் கூடாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2021-22 நிதியாண்டில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, ஏனையோர் என மூன்றாகப் பிரித்துச் செலுத்துமாறு ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களை அறிவுறுத்தியது. ஒரே வாய்க்காலில் ஒன்றாக வேலை செய்தவர்களுக்குச் சாதிவாரியாக வெவ்வேறு நாட்களில் கூலி வந்தது. பணித்தளங்களில் பூசல் எழுந்தது. எதிர்ப்புகளுக்குப் பின்னர் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. எந்தக் கிராம சபையும் அதைக் கேட்கவில்லை. எந்த ஊராட்சித் தலைவரும் அதை நிறுத்தியிருக்கவும் முடியாது.

ஆயினும், சாதியைப் பதியவே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடன்று. பதிய வேண்டியது வேறு. ஒவ்வொரு ஊராட்சிக்கும் உள்ளாட்சி விவரத்தொகுப்பில் ஒரு தனி எண் உண்டு. அந்த எண் ஊரையும் சேரியையும் பிரித்துக் காட்டாது. ஊராட்சிக்கு 10 லட்சம் ரூபாய் செலவானது தெரியும். அதில் சேரிக்கு எவ்வளவு என்பது அந்த எண்ணால் தெரியாது. பயனாளியின் சாதியைக் கேட்கும் தளம், செலவு எந்தக் குடியிருப்புக்குப் போனது என்று கேட்பதில்லை. ஆனால், ஊராட்சிப் பணிகளின் ஒளிப்படங்களைப் புவியிடக் குறியுடன் பதிவேற்றும் முறை உள்ளது. அந்தக் குறிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் சாலையும் விளக்கும் எந்தத் தெருவோடு நின்றுபோயின என்பது புலனாகும். கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊராட்சிக்கு இந்த ஆய்வைச் செய்யலாம்.

தனிநபர் தரவில் நமக்குப் பாதுகாப்பு குறைந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் 'நுண்ணுணர்வுத் தரவு' என்று வகைப்படுத்தியிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. அச்சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலையை 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பயனாளிப் பட்டியலையோ ஒப்பந்தக்காரர் பெயரையோ கேட்டால் இனி இதைக் காட்டி மறுப்பார்கள். அப்போது 8(2) பிரிவை எடுத்துக்கூற வேண்டும்: பொதுநலன் மேலோங்கும்போது விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்ற அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது.

கேரளமும் பர்மிங்காமும்

பகிர்வுத் தளத்தை எப்படி அமைப்பது என்பதில் வேறு வழிகளும் உண்டு. கேரளத்தில் 1999-இல் தொடங்கப்பட்ட தகவல் கேரள இயக்கம் என்ற அரசு அமைப்பு, உள்ளாட்சிகளுக்கான மென்பொருளைத் தானே உருவாக்கிவருகிறது. அதன் 'கே-ஸ்மார்ட்' தளம் 2024 ஜனவரி 1 அன்று 87 நகராட்சிகளிலும் 6 மாநகராட்சிகளிலும் தொடங்கி, 2025-இல் 941 கிராம ஊராட்சிகளுக்கும் விரிந்தது. தளத்தை உருவாக்கும் ஆற்றல் அரசின் கையிலேயே இருப்பதால், அதன் விதிகளைச் சட்டமன்றத்திலும் தெருவிலும் கேள்வி கேட்க முடிகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி எதிர்மாறான பாடம். தன் நிதி, மனிதவளப் பணிகளை 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் மேகக் கணிமை மென்பொருளுக்கு மாற்றியது. ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட செலவு 10 கோடி பவுண்டு அளவுக்கு வீங்கியது. மாநகராட்சியால் தன் கணக்கையே சரிவரப் பார்க்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் புதிய செலவுகளை நிறுத்தும் சட்ட அறிவிப்பை வெளியிட்டபோது, அது சொன்ன காரணங்களுள் இரண்டு: இந்த மென்பொருள், பெண் பணியாளர்களுக்குச் செலுத்த வேண்டிய சம ஊதிய நிலுவை. சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளிலிருந்த பெண்களுக்கு, ஆண்கள் மிகுந்த வேலைகளுக்குத் தந்த ஊக்கத்தொகை மறுக்கப்பட்டதால் எழுந்த கடன் அது. யாருடைய உழைப்பு குறைத்து மதிப்பிடப்பட்டது என்ற கேள்விக்கு எந்த மென்பொருளும் விடை தராது. நம் ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்களும் வெளிமுகமைத் தொழிலாளரும் கணினி ஏடுகளில் 'பணியாளர்' என்றே பதிவாகாதபோது, எந்த ஊதிய மென்பொருளும் அவர்களுக்கு நீதி வழங்காது.

நாம் கேட்க வேண்டியவை

1. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் டோக்கன் நேரில் ஒப்படைக்கப்பட்டு, அந்த ஒப்படைப்பு கிராம சபையில் பதிவாக வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் தலைவரின் சொந்த எண்ணுக்கே வர வேண்டும்.

2. ஒவ்வொரு பட்டுவாடாவின்போதும் தலைவருக்குத் தமிழில் குறுஞ்செய்தி செல்ல வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எதற்காக.

3. இரண்டாம் ஒப்புதலைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் தராத துணைத்தலைவர் எழுத்தில் காரணம் பதிய வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் மாற்று உறுப்பினருக்கு உரிமை செல்ல வேண்டும்.

4. அணுகல் பதிவுத்தடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை தலைவருக்கு விதிகளிலேயே தரப்பட வேண்டும்.

5. செலவு ஊருக்கா சேரிக்கா என்பதைக் காட்டும் குடியிருப்புவாரிக் கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பதிவுகளைக் கணினிமயமாக்கி வலையமைப்பில் இணைப்பதையும் தாமாகவே வெளியிடுவதையும் ஏற்கெனவே கடமையாக்கியுள்ளது.

6. தனியார் நிறுவனத்தின் மேகத்தைப் பயன்படுத்தினால், ஒப்பந்தம் முடியும்போது உள்ளாட்சியின் தரவு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தமும் வெளியிடப்பட வேண்டும்.

இறுதியாக ஓர் உண்மையைக் கவனத்தில் கொள்வோம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஐந்தாண்டுக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தச் சொல்கிறது அரசமைப்பின் 243-இ பிரிவு. ஆனால், ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. அப்போது எந்தத் தளமும் நின்றுவிடவில்லை. திட்டம் பதிவேறியது, பணம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமலேயே ஓர் ஊராட்சி திரையில் குறையின்றி இயங்கும் என்பதை அந்தக் காலம் காட்டியது. தனித்தொகுதியில் வென்றவர் இருந்தும் இல்லாதவராக்கப்படுவதற்கான வழி அதே திரையில் திறந்திருக்கிறது. அடுத்த தேர்தலில் வெல்லும் ஒவ்வொரு பட்டியல் சாதித் தலைவரிடமும், பதவியேற்ற அன்றே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டோக்கன் உங்கள் கையில் இருக்கிறதா?